கரண்டிக்கு முன்னால் வாளி
கொழும்பு மட்டக்குளியில் எங்கள் தோட்டத்துக்கு, அதாவது நெருக்கமான குடியிருப்புக்கு, வீடு கட்ட உதவ வரும் பிள்ளைகளிடம் முதலில் சொல்வேன்: மேசன் கரண்டியைத் தொடாதீங்க, வாளியைத் தூக்குங்க. 1984இல் அரசின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் வந்தபோது அப்பாவும் வாளியில்தான் தொடங்கினார். மூலைக் கல்லை மேசன் பாஸ் வைக்கட்டும்; நூல் கட்டியபின் நடுவில் நீங்களும் வீட்டுக்காரரும் அடுக்கலாம். 1 வாளி சீமெந்துக்கு 5 வாளி மணல், அதே வாளியால். கலவை கரண்டியில் நிற்க வேண்டும், வழியக் கூடாது. ஒரு மணித்தியாலத்துக்குப் போதுமானதை மட்டும் குழையுங்கள். இறுகியதில் தண்ணீர் ஊற்றிக் கிண்டி நான் கட்டிய சுவரை மறுநாள் கையாலேயே பிரித்தோம். வீட்டுக்கார அக்கா ஒன்றும் சொல்லவில்லை, பிளேன்டீ தந்தார். அப்புறம், 7 நாள் காலை மாலை சுவரை நனைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. மழை வந்தால் மேல்வரியைத் தறப்பாளால் மூடுங்கள்.