பிடித்துக்கொண்டு போனவரை ஏடுகளில் தேடுவது எப்படி

சேலம், ஓமலூர், ஆத்தூர் பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சு உண்டு: "எங்க பாட்டனோட தம்பிய வெள்ளைக்காரன் கப்பல்ல புடிச்சுட்டுப் போயிட்டான்." அதற்கு மேல் கேட்டால் யாருக்கும் தெரியாது. நான் ஓமலூரில் பத்திர எழுத்தராக இருந்தவன். பழைய கையெழுத்தைப் படித்துத்தான் பிழைத்தேன். அந்தப் பழக்கத்தால் இப்போது இப்படித் தோட்டக் கூலிகளாகப் போனவர்களைத் தேடுகிறவர்களுக்கு உதவுகிறேன். அவர்களுக்கு நேரில் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் இருக்கும் மூத்த பெண்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த வருஷம் போனார் என்று கேட்டால் பதில் வராது. "தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேளுங்கள், வரும். அந்தப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நீடித்தது. 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881இல் சுமார் 16 லட்சம் பேர்தான். குறைந்துபோனவர்களில் பெரும்பாலானவர்கள் பட்டினியிலும் நோயிலும் செத்தார்கள். மிச்சம் பேரில் ஒரு பகுதி ரயிலேறியும் நடந்தும் வெளியேறியது. உங்கள் ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவரா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது சீமையின் பெயர். 'நெட்டால்' என்றால் தென்னாப்பிரிக்காவின் நேட்டால், 1860 முதல் 1911 வரை. 'மோரீசு' என்றால் மொரீசியஸ். அங்கே 1830களிலேயே ஆள் போகத் தொடங்கிவிட்டது. பீஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் போனது 1903க்குப் பிறகுதான். 'கண்டி' என்றால் இலங்கை. குலதெய்வத்தின் பெயரையும் தகப்பன் பெயரையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் கடைசிவரை கைகொடுக்கும்.

நேட்டாலுக்குப் போனவரைத் தேடுவதுதான் இருப்பதில் எளிது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற முதல் கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அது தொடங்கி 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் கப்பல் பட்டியலில் வரிசையாக இருக்கும். டர்பனில் உள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஆவண மையம் இவற்றைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. பெயரை வைத்துத் தேடாதீர்கள். முனுசாமியும் சின்னசாமியும் ஆயிரக்கணக்கில் வருவார்கள். கிராமத்தை வைத்துத் தேடுங்கள். அதில் தகப்பன் பெயர் ஒத்து வருகிறதா, பிறகு தழும்பு ஒத்து வருகிறதா என்று பாருங்கள். "நெத்தியில மாடு முட்டின வடு" என்று வீட்டில் ஒரு கிழவி சொன்னது அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தால் வேறு அத்தாட்சி தேவையில்லை.

ஊர்ப் பெயரை எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். நாமக்கல் 'நாம்குல்' என்றும் திருப்பத்தூர் 'ட்ரிப்பட்டூர்' என்றும் இருக்கும். வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் பாதி ஊர்கள் பிடிபட்டுவிடும். சேலம் ஜில்லா என்று எழுதியிருப்பதாலேயே இன்றைய சேலத்துக்குள் தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். அன்றைய ஜில்லா ஓசூர் வரை நீண்டது. திருப்பத்தூர் 1911இல் வடஆற்காட்டுக்குப் போனது. தருமபுரி 1965இல் தனி மாவட்டமானது. கிருஷ்ணகிரி அதிலிருந்து 2004இல் பிரிந்தது. நாமக்கல் சேலத்திலிருந்து 1997இல் பிரிந்தது. எங்கேயும் இல்லாத கிராமமாக இருந்தால் மேட்டூர் அணையை நினைத்துப் பாருங்கள். 1934இல் அணை முடிந்தபோது காவிரிக்கரையில் பல ஊர்கள் முழுகின. பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் வற்றும்போது பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அந்த ஊர்க்காரர்களின் வாரிசுகள் கொளத்தூர், மேட்டூர் பக்கம் இருக்கிறார்கள். அங்கே விசாரியுங்கள்.

மொரீசியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்கு எழுதுங்கள். 1860களுக்குப் பிறகு போனவர்கள் பலருக்கு அங்கே புகைப்படமும் இருக்கிறது. பீஜிக்குப் போனவர்களின் அனுமதிச் சீட்டுகள் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இலங்கைக்குக் கங்காணிதான், அதாவது ஆள் கட்டும் மேஸ்திரிதான், கூட்டிப் போனான். ஆள்வாரியான கப்பல் பட்டியலை எதிர்பார்க்க முடியாது. தோட்டத்தின் பெயர் தெரிந்தால் அந்தத் தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள் வருகைப் பதிவேடுதான் வழி. அங்கே ஆளைக் கட்டிவைத்தது கடன். ஒருவர் பட்ட கடனை 'துண்டு' என்ற சீட்டில் எழுதி, அதைத் தீர்க்கும் தோட்டத்துக்கு ஆளையும் சேர்த்து அனுப்பினார்கள். 1921இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள்.

இனி, 'பிடித்துக்கொண்டு போனான்' என்பது உண்மையா? இதில் அவசரப்படக் கூடாது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் பஞ்சத்தில் அடிபட்ட சனங்களை நேராக அடிமைகளாகவே வாங்கி பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். நம் வீட்டுப் பேச்சில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதற்கு இருநூறு ஆண்டுகள் பிந்தியவர்கள். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்துக்குப் பிறகு ஒருவர் தன் அடிமை என்று கோரும் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எந்தக் கோர்ட்டும் ஏற்கக் கூடாது. ஆள் கடத்துவதும் அடிமையாக விற்பதும் 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி குற்றம். அதனால் காகிதத்தில் எல்லோரும் சம்மதித்துப் போனவர்களாகத்தான் இருப்பார்கள். ஆள் சேர்ப்பவன் கூட்டிவந்தவரை அதிகாரி முன் நிறுத்தி, புரிந்ததா, விருப்பமா என்று கேட்டுப் பதிய வேண்டும் என்பது விதி. பட்டினியோடு நிற்பவர், சீமை எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர், அந்தக் கேள்விக்கு 'ஆமாங்க' என்று சொன்னதைச் சம்மதம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏட்டில் சில இடங்களை உற்றுப் பாருங்கள். சொந்த ஜில்லாவில் பதியாமல் வேறு ஜில்லாவில் பதிந்திருந்தால் யோசியுங்கள். பதினைந்து, பதினாறு வயசுப் பிள்ளை தனியாகப் போயிருந்தால் யோசியுங்கள். தனியாகப் பதிந்த பெண் என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். பீஜிக்கு நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் போயாக வேண்டும் என்று விதி இருந்தது. அந்தக் கணக்கை நிரப்பச் சந்தையிலும் ரயிலடியிலும் சத்திரத்திலும் பெண்களை வளைத்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சேரியில் பரம்பரைப் பண்ணையாளாகக் கிடந்தவர் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போயிருக்கலாம். தலை மழித்து மூலையில் உட்கார வைத்த விதவை வீட்டைவிட்டுப் போயிருக்கலாம். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு 'பிடித்துக்கொண்டு போனான்' என்று வீடு சொல்லியிருக்கலாம். அவர்கள் விடுதலை தேடித்தான் போனார்கள். அதை மறைக்காமல் எழுதுங்கள்.

கப்பல் எண் கிடைத்ததும் பலர் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அங்கேதான் தேடலே தொடங்குகிறது. நேட்டாலில் ஐந்து வருஷ ஒப்பந்தம். சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் குற்றம். முதலாளி அடித்ததைப் புகார் சொல்லப் போனாலும் அதே குற்றம்தான். அதனால் நம் ஆளின் குரல் தண்டனைக் குறிப்புகளில்தான் கிடைக்கும். ஓடிப்போனார், வேலைக்கு மறுத்தார், புகார் கொடுத்தார் என்று வரும் ஒவ்வொரு வரியையும் எடுத்து எழுதுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இந்தியக் குடியேறிகள் பிரிவில் அந்தக் கோப்புகள் உள்ளன. 1894இல் முன்பல் உடைந்து வாயில் ரத்தத்தோடு காந்தியிடம் வந்து நின்ற பாலசுந்தரமும் அப்படி ஒப்பந்தத்தில் கட்டுப்பட்ட தமிழர்தான். 1871இல் முதலில் சென்னைக்குத் திரும்பியவர்கள் தங்களுக்கு நடந்ததை அதிகாரிகளிடம் வாக்குமூலமாகச் சொன்னார்கள். அதைக் கேட்டு, 1866இல் நின்றுபோயிருந்த நேட்டால் ஆள் அனுப்புதலை இந்திய அரசு 1874 வரை மறுபடி தொடங்க விடவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் மேல் போட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்து 1913இல் நடந்த வேலைநிறுத்தத்தில் உங்கள் ஆளோ அவர் பிள்ளையோ இருந்தாரா என்றும் பாருங்கள். மறு வருஷம் அந்த வரி ஒழிந்தது.

கடல் தாண்டாதவரும் உண்டு. சேர்வராயன் மலையில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் போய்த் திரும்பாதவரைக்கூட வீட்டில் இப்படித்தான் சொல்வார்கள். 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டப்படி, முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். அதற்கும் பணியாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. 1926 வரை இந்தச் சட்டம் இருந்தது. இதற்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சேலம் ஜில்லா ஏடுகளையும் நீதித்துறை நடவடிக்கைகளையும் கேளுங்கள். அடையாள அட்டையும் எதைத் தேடுகிறீர்கள் என்று எழுதிய கடிதமும் கொண்டுபோங்கள்.

டர்பனிலிருந்து வாரிசுகளே வந்தால் அவர்களைக் கிராமத்துக்குக் கூட்டிப் போவது வேறு வேலை. பட்டியலில் உள்ள சாதியைப் பார்த்து, பறையர் என்றிருந்தால் ஊர்ச் சாவடியில் போய் விசாரிக்க வேண்டாம். "அப்படி யாரும் இல்லைங்க" என்றுதான் பதில் வரும். நேராகக் காலனிக்குப் போங்கள். கிராமக் கணக்கு எழுதிய கர்ணம் வேலை 1980இல் ஒழிந்தாலும் சில வீடுகளில் பழைய கணக்கு இன்னும் பரணில் கிடக்கிறது. ஆனால் நிலம் இல்லாதவர் பெயர் அதில் இருக்காது. குலதெய்வக் கோயில்தான் அவர்களுக்கு வழி.

வெளிநாட்டுக்காரர் வந்து பங்காளி என்றதும் எதிரே நிற்பவருக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்பாரோ என்ற பயம் வரும், வாயை மூடிக்கொள்வார்கள். நிலத்துக்காக வரவில்லை என்பதை வந்தவர் வாயாலேயே முதல் பேச்சாகச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு கோயில் வரி நோட்டைக் கேளுங்கள். எந்தெந்தப் பங்காளி வகையறா வரி கட்டுகிறது என்று அதில் இருக்கும். உங்கள் கையில் உள்ள தகப்பன் பெயரை அதோடு ஒப்பிடுங்கள்.