தொடர் எழுதுவோர் வாசகரை இழக்கும் இடங்கள்

1840 ஏப்ரலில் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் லண்டனில் 'மாஸ்டர் ஹம்ஃப்ரீஸ் கிளாக்' என்னும் வார இதழைத் தொடங்கியபோது, முதல் இதழ் ஏறத்தாழ 70,000 படிகள் விற்றது. அவருடைய புதிய தொடர்கதை வருகிறது என்று எண்ணி வாங்கிய வாசகர்கள், உள்ளே துண்டு துண்டான கதைகளும் கட்டுரைகளும் மட்டுமே இருப்பதைக் கண்டதும் விலகத் தொடங்கினார்கள். விற்பனை விரைவாகச் சரிந்தது. சிறிய கதையாக நினைத்திருந்த ஒன்றை அவர் நாவலாக வளர்த்து, வாரந்தோறும் அதையே கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் வாசகர்கள் திரும்பி வந்தார்கள். அந்த முதல் இதழ்களில் எழுத்து மோசமாக இருந்தது என்று சொல்ல முடியாது. வாசகர் எதற்காக வந்தாரோ அது அங்கே இல்லை, அவ்வளவுதான்.

அச்சிதழிலோ இணையத்திலோ தொடர் எழுதுவோர் செய்யும் தவறுகளில் முதன்மையானது இதுவே. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை எளிமையாக விளக்கப்போவதாகச் சொல்லி ஒருவர் தொடர் தொடங்குகிறார். ஐந்தாம் வாரம் தம் பேரன் பிறந்ததை எழுதுகிறார். ஆறாம் வாரம் தேர்தல் முடிவை அலசுகிறார். இரண்டும் நன்றாகவே எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் வாங்கப்போகும் மனைக்கு எந்தெந்த ஆவணங்களைப் பார்க்க வேண்டும் என்ற கவலையோடு வந்தவருக்கு அந்த இரண்டு வாரங்களும் வீண், மூன்றாவது வீண் வாரத்தை அவர் தர மாட்டார். பேரனைப் பற்றி எழுதவே கூடாது என்பதில்லை. பேரன் பெயரில் மனை வாங்கச் சென்ற அனுபவமாக இருந்தால் அது தொடருக்குள்ளேயே அடங்கிவிடும்.

அடுத்தது நாள் தவறுதல். தொடங்கும்போது இருக்கும் ஊக்கத்தில் நாள்தோறும் எழுதுவதாக அறிவித்துவிட்டு, இருபது நாளில் வாரம் ஒன்றாகி, பிறகு மாதம் ஒன்றாகி, கடைசியில் ஓசையின்றி நின்றுபோன தொடர்கள் ஏராளம். வார இதழ்களின் தொடர்கதைகளுக்காக ஒரு தலைமுறையே காத்திருந்ததற்குக் கதையின் சுவை பாதிக் காரணம் என்றால், எந்தக் கிழமையில் கடைக்குப் போனால் இதழ் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது மறுபாதிக் காரணம். எனவே வாரம் ஒன்று என்று முடிவு செய்பவர், ஆறு அல்லது எட்டு பகுதிகளை எழுதிக் கையிருப்பில் வைத்துக்கொண்ட பிறகே முதல் பகுதியை வெளியிடுவது நல்லது. காய்ச்சலும் உறவினர் திருமணமும் அலுவலக நெருக்கடியும் எப்படியும் வரும். அந்த வாரங்களைக் கையிருப்பு தாங்கும். அதையும் மீறி ஒரு வாரம் விடுபட்டுவிட்டால், அடுத்த பகுதியின் தொடக்கத்தில் அரைப் பக்கம் மன்னிப்புக் கேட்டு எழுதுவது இன்னொரு தவறு. ஒரு வரி போதும். பல வாசகர்கள் விடுபட்டதைக் கவனித்தே இருக்க மாட்டார்கள் என்பது எழுதுபவருக்குச் சற்றுக் கசப்பான செய்தியாக இருந்தாலும் உண்மை.

வாசகரை அடுத்த வாரத்துக்கு இழுப்பதற்காகப் பகுதியின் முடிவில் வைக்கும் கொக்கியில்தான் மிக நுட்பமான தவறுகள் நேர்கின்றன. நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது, கதாநாயகி நடுங்குகிறாள், 'தொடரும்' என்று போட்டாகிவிட்டது. அடுத்த வாரம் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் தீப்பெட்டி கேட்டு வந்திருக்கிறார். முதல் முறை வாசகர் சிரித்துக்கொள்வார். மூன்றாம் முறை, 'தொடரும்' என்ற சொல்லே அவருக்கு எந்த ஆவலையும் தராது, ஏனெனில் இந்த எழுத்தாளரின் கதவுக்கு வெளியே யாரும் இருப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டிருக்கும். கதை அல்லாத தொடருக்கும் இது பொருந்தும். 'அடுத்த வாரம் அதிர்ச்சியூட்டும் ஒரு தகவல்' என்று முடிப்பதைவிட, 'வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை என்றால் அந்த மனையில் வேறு யாருக்கும் உரிமை இல்லை என்று பொருளாகுமா?' என்ற கேள்வியோடு முடிப்பது நேர்மையானது. அதற்கான விடையை, அதாவது அந்தச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும், பதியப்படாத உயில் ஒன்று இருந்தால் அதைக் காட்டாது என்பதை, அடுத்த பகுதியின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். விடையைக் கடைசிப் பத்திவரை இழுத்தடித்தால் வாசகர் அந்த ஒரு முறை முழுவதும் படிப்பார். மறுமுறை நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடுவார்.

முன்கதைச் சுருக்கத்தை நீட்டி முழக்குவதும், அறவே விட்டுவிடுவதும் ஒரே அளவு கெடுதல்தான். பன்னிரண்டாம் வாரத்தில் முதன்முறையாக வருபவர் நான்கு வரியில் உள்ளே நுழைய முடிய வேண்டும்.

சரக்கு தீர்ந்த பிறகும் இழுப்பது வேறு வகைத் தவறு. இதன் விளைவு தொடரோடு நிற்காமல் இதழையே பாதிக்கும். டிக்கன்ஸ் பின்னர் நடத்திய 'ஆல் த இயர் ரவுண்ட்' வார இதழில் 1860-இல் சார்லஸ் லீவர் எழுதிவந்த தொடர்கதை வாசகரைப் பிடித்து வைக்கத் தவறியதால் விற்பனை விழுந்தது. மாதத் தொடராக வேறு விதமாக வெளியிடத் திட்டமிட்டிருந்த தம் நாவலை டிக்கன்ஸ் வாரத் தொடராக மாற்றி, அந்த ஆண்டு டிசம்பர் முதல் நாளிலிருந்து அதே இதழில் வெளியிட்டார். அதுதான் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. இழுவையைச் சரிசெய்ய எல்லா ஆசிரியர்களிடமும் அப்படி ஒரு நாவல் தயாராக இருப்பதில்லை என்பதால், இருபது வாரத்துக்கான செய்தி இருக்கும்போது பதினெட்டு வாரம் எழுதுவதே பாதுகாப்பு.

வாசகர் கடிதங்களை நடத்தும் விதத்தில் இரண்டு எல்லைகளும் ஆபத்தானவை. ஒன்றுக்கும் பதில் எழுதாதவரை வாசகர்கள் சுவராக எண்ணிவிடுகிறார்கள். வருகின்ற ஒவ்வொரு யோசனைக்கும் இணங்கிக் கதையை வளைப்பவரின் தொடரோ, மூன்று மாதத்தில் யார் எழுதியது என்றே தெரியாத பண்டமாகிவிடுகிறது. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், பிழையைச் சுட்டிக்காட்டினால் திருத்தி, திருத்தியதையும் குறிப்பிட வேண்டும். தொடர் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை மட்டும் எழுதுபவரே முடிவு செய்ய வேண்டும். 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை 'பொன்னியின் செல்வன்' தொடரை எழுதிய கல்கி, கதை திடீரென முடிந்துவிட்டதாகக் குறைபட்ட வாசகர்களுக்காகக் கதையை மேலும் நீட்டவில்லை. முடிவுரை ஒன்றை எழுதி, கதைமாந்தர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று அவர்கள் கேட்டவற்றுக்கு அதில் விடையளித்தார்.

முடிவைப் பற்றிய தவறு கடைசியில் வருவதாலேயே பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. 'இத்துடன் இத்தொடர் முடிகிறது' என்று இறுதி வரியில் முதன்முறையாக அறியும் வாசகர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். மூன்று வாரங்களுக்கு முன்பே முடியப்போவதைச் சொல்லி, தொடங்கியபோது எழுப்பிய கேள்விகளில் விடையில்லாமல் நிற்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, எஞ்சிய பகுதிகளில் அவற்றை ஒவ்வொன்றாக முடித்துவைக்க வேண்டும். அடுத்த தொடர் எந்த நாளில் தொடங்கும் என்பது உறுதியாகத் தெரிந்தால் அந்தத் தேதியைக் கடைசிப் பகுதியில் அச்சிடலாம். தெரியாவிட்டால் 'விரைவில்' என்று எழுதாமல் இருப்பது நல்லது.