‘சிதைவுகள்’ பற்றி எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபி ஆங்கிலத்தில் எழுதி 1958-இல் வெளியான நாவல் (Things Fall Apart), தமிழில் ‘சிதைவுகள்’ என்று வந்திருக்கிறது. நைஜீரியாவின் இக்போ மக்களின் ஊர் ஒன்றும், அங்கே வாழும் ஒகொன்க்வோ என்ற வீரனும்தான் கதை. ஆப்பிரிக்க மரபுச் சமூகத்தையும் காலனிய மாற்றத்தையும் பற்றிக் கட்டுரை கேட்டால் பலரும் முதலில் எடுப்பது இதைத்தான். எடுத்தவுடன் அதே பழைய குழிகளில் விழுகிறார்கள். பெயரைத் தப்பாக எழுதுவது, ஆண்டை மாற்றிப் போடுவது போன்றவை மறுவாசிப்பில் திருந்திவிடும். கட்டுரையையே சாய்த்துவிடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஒகொன்க்வோதான் ஊர் என்று நினைப்பது

‘இக்போ சமூகம் ஆண்மையையும் வீரத்தையும் போற்றியது, அதன் உருவமே ஒகொன்க்வோ, அவன் விழுந்தான், சமூகமும் விழுந்தது.’ எத்தனையோ பேருக்குத் திருத்திக் கொடுத்த பிறகும் இந்த வாக்கியம் வந்துகொண்டே இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் ஊரும் அவனும் எங்கெங்கே மோதினார்கள் என்று நாவல் தொடக்கத்திலிருந்தே காட்டிக்கொண்டிருக்கிறது.

நான்காம் அத்தியாயத்தைப் பாருங்கள். விதைப்புக்கு முன் வரும் அமைதி வாரத்தில் யாரும் யாரையும் கடிந்துகூடப் பேசக் கூடாது. ஒகொன்க்வோ இளைய மனைவியை அடிக்கிறான். நிலத்தாயின் பூசாரி அவன் வீடு தேடி வந்து தண்டம் விதிக்கிறார்: ஒரு பெண் ஆடு, ஒரு கோழி, ஒரு துணி, நூறு சோழி (அங்கே பணம் அதுதான்). அதே அத்தியாயத்தில் ஊர்ப் பெரியவர் எஸெயுடு இன்னொன்றும் சொல்கிறார். முன்காலத்தில் இந்த வாரத்தை மீறியவனைத் தரையில் இழுத்தே கொல்வார்களாம். காக்க நினைத்த அமைதியையே அந்த வழக்கம் கெடுத்ததால் பின்னால் கைவிட்டார்களாம். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே ஊர் தன் வழக்கத்தைத் தானே திருத்திக்கொண்டிருக்கிறது. மாற்றம் முழுக்க வெளியிலிருந்துதான் வந்தது என்று எழுதுகிறவர்கள் இந்தச் சில வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அடுத்தது ஏழாம் அத்தியாயம். ஒரு கொலைக்கு ஈடாக வேற்றூரிலிருந்து ஊருக்குக் கிடைத்த சிறுவன் இகெமெஃபுனா மூன்று வருடம் ஒகொன்க்வோ வீட்டில் வளர்ந்து அவனை அப்பா என்று அழைக்கிறான். அவனைக் கொல்லச் சொன்னது குறிகாரத் தெய்வம். அது ஊரின் கொடுமை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் ‘அந்தப் பையன் உன்னை அப்பா என்கிறான், அவன் சாவில் நீ கை வைக்காதே’ என்று எஸெயுடு முன்பே எச்சரிக்கிறார். காட்டுப் பாதையில் முதல் வெட்டு இன்னொருவனுடையது. பையன் தலையிலிருந்த கள்ளுப்பானை மணலில் விழுந்து உடைகிறது. அலறிக்கொண்டு தன்னிடம் ஓடி வந்தவனை ஒகொன்க்வோ வெட்டுகிறான், கோழை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில். நண்பன் ஒபியெரிகா அந்தக் கூட்டத்தோடு போகவே இல்லை. இருவரும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே மரபில் வளர்ந்தவர்கள்.

ஊரையும் ஒகொன்க்வோவையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் காலனிய மாற்றத்தை விளக்கவே முடியாது. மகன் என்வோயே ஏன் கிறிஸ்தவனானான்? இகெமெஃபுனாவின் சாவும், காட்டில் எறியப்பட்ட இரட்டைக் குழந்தைகளின் அழுகையும் அவனுக்குள் கேள்வியாகக் கிடந்தன. இரட்டைப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயும், ‘ஓசு’ என்று ஒதுக்கப்பட்டவர்களும் அதே வாசல் வழியாகத்தான் திருச்சபைக்குள் போனார்கள். கடைசியில் ஒகொன்க்வோ வெள்ளையர் நீதிமன்றத்தின் தூதனை வெட்டும்போது ஊர் பின்னால் வரவில்லை. மற்றத் தூதர்களைத் தப்பவிடுகிறது.

இதைத் தவிர்க்க ஒரு வழி: படிக்கும்போதே தாளை இரண்டாக மடித்து, ‘ஊர் சொன்னது’ ஒரு பக்கம், ‘ஒகொன்க்வோ செய்தது’ மறுபக்கம், அத்தியாய எண்ணோடு குறியுங்கள். பதின்மூன்றாம் அத்தியாயம் வரை குறித்தாலே போதும், கட்டுரையின் வாதம் தானாகத் தெரியும்.

கடைசி ஆறு அத்தியாயங்களிலேயே குடியிருப்பது

மொத்தம் 25 அத்தியாயங்கள். முதல் பாகம் மட்டும் 13. அதில் வெள்ளைக்காரன் பேச்சில் வருகிறானே தவிர நேரில் வருவதில்லை. அழகும் கொடுமையும் சேர்ந்த ஒரு முழு வாழ்க்கையை அங்கே பார்க்காதவனுக்கு, மூன்றாம் பாகமான அந்தக் கடைசி ஆறில் என்ன போனது என்று தெரியாது.

வெள்ளையர் எல்லாருக்கும் ஒரே முகம் கொடுப்பது

பாதிரியார் பிரவுன் பள்ளிக்கூடமும் சிறு மருத்துவமனையும் கட்டினார், ஊர்ப் பெரியவரோடு உட்கார்ந்து கடவுளைப் பற்றிப் பேசினார். அவருக்குப் பின் வந்த ஸ்மித்துக்கு உலகமே கறுப்பு, வெள்ளை என்று இரண்டுதான். மாவட்ட ஆணையர் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டு ஊர்த் தலைவர்கள் ஆறு பேரைச் சிறைவைத்தார். தண்டம் 200 பை சோழி. தூதர்கள் ஊரிடம் கேட்டது 250. அந்த ஐம்பது பையையும் எழுதுங்கள். மதம், நீதிமன்றம், பாம் எண்ணெய்க்கு விலை கொடுத்த வணிகம் மூன்றும் தனித்தனிக் கதவுகள்.

அரசனைத் தேடுவது

கிடையாது. ஊரை நடத்தியவர்கள் பட்டம் பெற்றவர்கள், பூசாரிகள், பெரியவர்கள்தான்.

யாமைச் சேனை என்று எழுதுவது

யாம் (yam) அந்த ஊரின் முக்கியப் பயிர். அது வள்ளி இனத்துக் கொடி, கொம்பு நட்டுப் படரவிடுவது. சேனை தனியே நிமிர்ந்து நிற்கும். பயிர் மாறினால் வயல்காட்சி முழுவதும் பொய்யாகிவிடும்.

பழமொழிகளைத் தனிப்பட்டியல் போடுவது

யார், யாரிடம், எதைக் கேட்பதற்காகச் சொன்னார் என்பதோடு சேர்த்து எழுதுங்கள்.