கமலானின் சுருதியை அளந்து எழுதும் முறை

1968 முதல் ‘ஏசியன் மியூசிக்’ ஆய்விதழை வெளியிட்டுவரும் ஆசிய இசைக் கழகம் போன்ற அமைப்புக்கு ஜாவாவின் கமலான் என்னும் வெண்கலக் கருவிக் குழுவைப் பற்றி எழுத விரும்புபவர், முதலில் தாம் கேட்ட கருவித் தொகுதியின் சுருதியை அளந்துகொள்ள வேண்டும். ஏனெனில் ஒரு கமலானின் சுருதி மற்றொன்றோடு அப்படியே ஒத்திருப்பதில்லை. சாரோன் என்னும் கருவியின் வெண்கலத் தகடுகளை மரச்சுத்தியலால் ஒவ்வொன்றாக நடுவில் தட்டி, முந்தைய தகட்டின் அதிர்வைக் கையால் பிடித்து அடக்கிய பிறகே அடுத்ததைப் பதிவு செய்யுங்கள். அதிர்வெண்களைக் குறித்துக்கொண்டு, ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டாக (சென்ட் என்பது சுர இடைவெளியை அளக்கும் அலகு) வைத்து இடைவெளிகளைக் கணக்கிடுங்கள். ஐந்து சுரங்கள் கொண்ட ஸ்லெண்ட்ரோ என்னும் சுர அமைப்பில் அவை சராசரியாக 240 சென்ட்டை ஒட்டி வரும். நம் காதுக்கு அது மோகனம்போல் ஒலிக்கலாம். அந்தப் பெயரை மட்டும் கட்டுரையில் ஏற்றிவிடாதீர்கள். ஏழு சுரங்கள் கொண்ட பெலோக் என்னும் மற்றொரு சுர அமைப்புக்குத் தனி அட்டவணை தேவை.