சுயமதிப்பீட்டுப் படிவத்தில் குறையைச் சொல்வது எப்படி

அலுவலகத்தில் உங்கள் வேலையை நீங்களே மதிப்பிட்டு எழுதிக் கொடுக்கும் சுயமதிப்பீட்டுப் படிவம் உங்கள் கோப்பிலேயே தங்கிவிடும்; பின்னாளில் வேறு மேலாளரும் எடுத்துப் படிக்கலாம். அதனால் வேலையிடத்தைப் பற்றிய ஒரு குறையை முதன்முதலாக அதில் எழுதாதீர்கள். ஒரு வாரம் முன்பே மேலாளரிடம் நேரில் பேசிவிடுங்கள். படிவத்தில் திடீரென்று பார்த்தால், நியாயமான குறைகூடத் தாக்குதலாகத்தான் படும்.

எழுதும்போது ஆளை விட்டுவிட்டு வேலையைப் பிடியுங்கள். உதாரணமாக, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் "சோதனைக் குழு ஒத்துழைப்பதே இல்லை" என்றால் சண்டைதான் மிஞ்சும். "கடந்த காலாண்டில் 5 வெளியீடுகளில் 3 தாமதமாயின, சோதனை முடிவுகள் கடைசி நாளில்தான் கைக்கு வந்தன. 2 நாள் முன்னதாகக் கிடைத்தால் பிழைகளைத் திருத்த நேரம் இருக்கும்" என்று எழுதுங்கள். நடந்தது, விளைவு, கோரிக்கை மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. நீங்களே என்ன செய்து பார்த்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் புலம்பலாகத் தெரியாது.

மிஞ்சிப்போனால் இரண்டு குறைகள் போதும். 'எப்போதும்', 'யாருமே' போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கைக் காட்டி மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள். சம்பளப் பேச்சை இதோடு கலக்க வேண்டாம்.

துன்புறுத்தல், பாகுபாடு, பாதுகாப்புக் குறைபாடு போன்றவற்றுக்கு இந்தப் படிவம் இடமே அல்ல. மதிப்பீட்டுக் காலம்வரை காத்திராமல், தேதிகளோடு மனிதவளத் துறைக்கு உடனே எழுத்தில் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.