அரிசி நொய் போட்டு ராகிக் களி கிண்டுவது எப்படி?

சர்க்கரை என்று டாக்டர் சொன்ன மறுநாளே அரிசியை அடியோடு நிறுத்துகிறவர்களை தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிறையப் பார்க்கிறேன். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அரிசியின் அளவைக் குறைத்து, கூடவே ராகியும் பயறும் கீரையும் சேர்த்தால் அதே சாப்பாடு நல்ல சாப்பாடாகிவிடும். நொய் போட்ட களி அதற்கு நம் ஊரிலேயே இருக்கிற வழி.

முதலில் கணக்கு. 100 கிராம் வெள்ளை அரிசியில் சுமார் 350 கலோரி, ராகியில் சுமார் 320. புரதம் இரண்டிலும் 7, 8 கிராம்தான். சுண்ணாம்புச் சத்தில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: அரிசியில் 10 மில்லிகிராம் தேறினால் பெரிது, ராகியிலோ 340-க்கு மேல். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் தேவை. நார்ச்சத்தும் ராகியில்தான் அதிகம். 2023-ல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தர ஆரம்பித்தார்கள். அந்த ராகி வீட்டில் இருந்தால் கழுவிக் காயவைத்து, மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். மாவை நைசாகச் சலிக்க வேண்டாம். தவிட்டோடு சத்தும் போய்விடும்.

தேவையானவை (இரண்டு பேருக்கு): ராகி மாவு 1 டம்ளர், அரிசி நொய் கால் டம்ளர், தண்ணீர் மூன்றேகால் டம்ளர், உப்பு.

புழுங்கல் அரிசி நொய் கிடைத்தால் அதையே எடுங்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டிய பிறகும் அது தங்கும். நொய்யை ஒரு முறை களைந்தால் போதும். நாலு தண்ணீர் மாற்றிக் களைந்தால் பி வைட்டமின்கள் கரைந்து ஓடிவிடும்.

படி 1. அடிகனமான பாத்திரத்தில் உப்புப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, நொய்யைப் போடுங்கள். விரலால் நசுக்கினால் மசியும் அளவுக்குக் குழைய வேண்டும்.

படி 2. கொதிக்கும் கஞ்சித் தண்ணீரில் அரை டம்ளரைத் தனியே எடுத்து வையுங்கள்.

படி 3. தீயைக் குறைத்து, மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். உடனே கிண்டக் கூடாது, கட்டி தட்டும். துடுப்புக் காம்பால் குவியலின் நடுவே ஒரு குழி போட்டு, பாதி மூடி, ஏழெட்டு நிமிடம் விடுங்கள். அந்தக் குழி வழியாகக் கஞ்சி குமிழியிட்டு மேலே வந்து மாவை நனைக்கும். மாவு வேகும் இடம் இதுதான், அவசரப்பட்டால் பச்சை வாசம் போகாது.

படி 4. இறக்கி, பாத்திரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிண்டுங்கள். விளிம்போடு அழுத்தித் தேய்த்தால் கட்டி உடையும். இறுகினால் எடுத்து வைத்த கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மீண்டும் அடுப்பில் வைத்து மூடி, சிறு தீயில் இரண்டு நிமிடம்.

படி 5. கையை நனைத்துத் தொட்டுப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. நனைத்த கிண்ணத்தில் போட்டு உருட்டுங்கள்.

அடுத்தது குழம்பு. களியில் அரிசியும் ராகியும் மட்டுமே இருப்பதால் லைசின் என்ற புரதக்கூறு போதாது. பருப்பு வகைகளில் அது தாராளம். அதனால் அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளு கடைசல், தட்டைப்பயறு என ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். கீரைக் கடைசல் வைத்தால் பக்கத்தில் ஒரு துண்டு பச்சை மாங்காயோ நெல்லிக்காயோ வையுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, தானியத்திலும் கீரையிலும் இருக்கும் இரும்புச் சத்து உடலில் சேர உதவும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராகி என்பதற்காக மூன்று உருண்டை சாப்பிடக் கூடாது. அதுவும் மாவுச்சத்துதான், நைசாக அரைத்தால் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். சிறிய உருண்டை ஒன்று, குழம்பும் காயும் தாராளமாக. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பரிசோதித்துப் பார்த்து, உங்களுக்கான அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மிச்சமான களியை ராத்திரி தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிக்கலாம்.