முதியோர் இல்லத்தில் கொழுந்து நாள், ரயில் நாள்: நடத்துவது எப்படி?

குன்னூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நிகழ்ச்சிகளைக் கவனிப்பது என் பொறுப்பு. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடமும், அப்பா அம்மாவைச் சேர்த்துவிட்டு வந்து ஏதாவது செய்ய நினைக்கும் பிள்ளைகளிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: பெரியவர்களை வரிசையாக உட்காரவைத்து வேடிக்கை காட்டாதீர்கள். ஆளுக்கொரு வேலை கொடுங்கள். பூ தொடுக்க ஒருவர், வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்க ஒருவர், தட்டு எண்ண ஒருவர், மணி அடிக்க ஒருவர். வேலை இருக்கிறவர் முதல் நாள் ராத்திரியே சட்டையை எடுத்து வைத்துவிடுவார். வேலை இல்லாதவர், "எனக்கு முட்டி வலிக்குது, நான் வரலை" என்று போர்வையை இழுத்துக்கொள்வார்.

தேதி குறிப்பதற்கு முன்னால் ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். என்ன வேலை பார்த்தார், எந்த ஊர், சின்ன வயதில் எந்தப் பண்டிகை பெரிதாக நடந்தது, எந்தப் பாட்டைக் கேட்டால் தலை அசைகிறது, எதைப் பேசினால் முகம் வாடுகிறது. கூடவே மருத்துவ விஷயம்: சுகர் உண்டா, காது மெஷின் எந்தக் காதில், விழுங்கச் சிரமமா, காலையில் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறாரா. எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவரை எல்லோரும் பாட்டி என்றால் அவருக்குப் பிடிப்பதில்லை. "டீச்சர்" என்றால் நிமிர்ந்து உட்காருகிறார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர் எங்களுக்கு இன்றும் ரைட்டர் ஐயாதான்.

தேயிலைக் கொழுந்தை வைத்து நடத்தும் கொழுந்து நாளை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். அந்த முறை மற்றதற்கும் பொருந்தும்.

எங்களிடம் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள் நிறையப் பேர். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஆன பிறகு இலங்கையிலிருந்து வந்து கோத்தகிரி, கூடலூர் பக்கம் குடியேறியவர்களும் அவர்களில் உண்டு. நிகழ்ச்சி அன்று காலை, தெரிந்த சிறு விவசாயி ஒருவரிடமிருந்து இரண்டு மூன்று கிலோ பச்சைக் கொழுந்து வாங்கி வருவோம். மருந்து அடித்த தோட்டத்து இலை கூடவே கூடாது. எப்போது அடித்தது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். மறதி நோய் உள்ளவர்கள் கையில் எடுத்ததை வாயில் போட்டுக்கொள்வார்கள். இலையைப் பையில் அமுக்கித் திணிக்காதீர்கள், சூடேறிக் கருத்துவிடும்.

மேசை மேல் வெள்ளை வேட்டியை விரித்து இலையைக் கொட்டுங்கள். இரண்டு இலை ஒரு மொட்டாக இருப்பது ஒரு பக்கம், முற்றின இலை மறுபக்கம். இவ்வளவுதான் வேலை. எங்கள் பாட்டி ஒருவர் பல மாதமாக யாரிடமும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. சாப்பாட்டைக்கூட ஊட்டத்தான் வேண்டும். இலைக் குவியல் முன்னால் உட்காரவைத்ததும் அவர் வலது கை தானாகப் போயிற்று. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பைப் பிடிக்க, மணிக்கட்டு லேசாகத் திரும்பியது. பக்கத்தில் இருந்த சிஸ்டர் முற்றின இலை ஒன்றை நல்ல குவியலில் போட்டபோது, அதை எடுத்து வெளியே தள்ளிவிட்டு, "இது கணக்குல வராது" என்றார்.

பிரித்து முடித்த கொழுந்தை உள்ளங்கையில் வைத்து உருட்டச் சொல்லுங்கள். விறைத்த விரல்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. வாசனையும் கிளம்பும். சமையலறையில் இரும்புக் கடாயில் சிறு தீயில் வறட்டினால் கொஞ்சம் பச்சைத் தேயிலை கிடைக்கும். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போகும் என்பதால் வருவது கொஞ்சம்தான். போதும், ஆளுக்கு அரை டம்ளர் வரும். இலையை நிறுக்க ஒரு தராசு வையுங்கள். நிறுத்துக் கணக்கு எழுதுவது ரைட்டர் ஐயாவின் வேலை. கொழுந்து பறித்த பாட்டிகள் அவர் எடை போடுவதைச் சந்தேகத்தோடு பார்ப்பதும், "ஐயா, முள்ளைப் பாருங்க" என்று சத்தம் போடுவதும் நடக்கும். அந்தப் பேச்சு அடுத்த நாள் காலைச் சாப்பாடு வரை ஓடும்.

ஒரு விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். "இலங்கையிலிருந்து எப்படி வந்தீங்க?" என்று கூட்டத்தில் மைக்கை நீட்டாதீர்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலர் அண்ணன் தம்பியை அந்தக் கரையிலேயே விட்டு வந்தவர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். கண் கலங்கினால் பேச்சை மாற்ற அவசரப்படாமல் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

நீலகிரி மலை ரயிலில் போவதுபோல் நடத்தும் ரயில் நாளுக்குச் செலவு அனேகமாக இல்லை. நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டு, அட்டையில் நிலையப் பெயர் எழுதி, மேட்டுப்பாளையத்தில் ஆரம்பித்துக் கல்லார், ஹில்குரோவ், குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி என்று ஒவ்வொன்றாகக் கூப்பிடுங்கள். குன்னூர் வரை 1899-லும் ஊட்டிப் பக்கம் 1908-லும் வந்த பாதை இது. மொத்தம் 46 கிலோமீட்டர். ஒவ்வொரு நிலையம் வரும்போதும் அங்கே வேலை பார்த்தவர், அங்கே பெண் எடுத்தவர், பள்ளிக்கூடம் போனவர் யாராவது கையைத் தூக்குவார். அரவங்காடு என்றதும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தவர்கள் பேச ஆரம்பித்தால் ரயில் அங்கேயே நின்றுவிடும். நிற்கட்டும், அடுத்த நிலையத்துக்கு அவசரமில்லை. மேலே ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும், ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஆள் இருப்பார் என்பதையெல்லாம் அவர்களே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, விசில் மூன்றும் மூன்று பேருக்கு. காது மெஷின் போட்டவர் பக்கத்தில் விசில் வேண்டாம்.

பாட்டு எடுக்கும்போது வயதைக் கணக்குப் போடுங்கள். பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கேட்டதுதான் மனசில் ஆழமாகப் பதிகிறது. எண்பது வயதுக்காரருக்கு அது 1960-கள். அன்று மலையில் பல வீடுகளில் இலங்கை வானொலிதான் பாடிக்கொண்டிருந்தது. "பழைய பாட்டு" என்று நாம் நினைத்து 1980-களின் பாட்டைப் போட்டால் நமக்குத்தான் சந்தோஷம். ஒலியைக் குறைத்து, பாட்டுக்குப் பாட்டு நடுவில் இடைவெளி விட்டு, ஓரிருவர் வாய்விட்டுப் பாடினால் பெட்டியை நிறுத்திவிடுங்கள். நீலகிரியின் படகர் இனத்து வீட்டுப் பாட்டிகள் இருந்தால், அவர்கள் கும்பிடும் ஹெத்தை அம்மனின் பண்டிகையை அவர்கள் சொல்கிறபடி நடத்துங்கள். அவரைக் குழம்பு பதம் சரியா என்பதும் அவர்கள் தீர்ப்புதான்.

நேரம்: காலை பத்தரைக்குத் தொடங்கிப் பதினொன்றே முக்காலுக்குள் முடியுங்கள். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் குளிர் ஏறும். சாயங்காலத்தில் மறதி உள்ளவர்களுக்குப் பதற்றம் கூடும். இன்சுலின் போட்டவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப் போகவே கூடாது, எவ்வளவு பெரிய விருந்தினர் பேசிக்கொண்டிருந்தாலும். தொடங்குமுன் எல்லோரையும் ஒருமுறை பாத்ரூம் அழைத்துப் போய்விடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் முற்றத்துக்கு. பொங்கலுக்கு வெளியே அடுப்பு மூட்டுங்கள். மூடிய ஹாலுக்குள் கரி அடுப்போ கணப்போ வைக்கவே வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, புகையும் கிடையாது. குளிருக்காகக் கரியை மூட்டி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் இந்த மலையிலேயே இறந்திருக்கிறார்கள்.

தின்பண்டம் எளிதாக விழுங்கக்கூடியதாக இருக்கட்டும். சர்க்கரைப் பொங்கலைக் குழைய வையுங்கள், சுகர்காரர்களுக்கு ஒரு ஸ்பூனும் மிச்சத்துக்கு வெண்பொங்கலும். வர்க்கியை டீயில் ஊறவைத்துக் கொடுங்கள். முறுக்கு, கடலை மிட்டாய் வேண்டாம்.

மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு வேன் பிடித்துப் போக எல்லோருக்கும் ஆசை இருக்கும். அந்தக் கூட்டத்திலும் போக்குவரத்து நெரிசலிலும் வீல்சேரோடு நான் போகமாட்டேன். அதற்குப் பதில் ஜனவரியிலேயே ஆளுக்கொரு தொட்டி கொடுத்து பான்சி, பெட்டூனியா போடச் சொல்லுங்கள். மே மாதம் வராந்தாவில் நம் கண்காட்சி. தண்ணீர் ஊற்றியது யார் என்று தினமும் சண்டை வரும். நல்ல சண்டை அது.

வெளியிலிருந்து பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்களிடம் முன்கூட்டியே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். பலூன் வெடிக்கக்கூடாது. கேட்காமல் யாரையும் படம் பிடிக்கக்கூடாது, கேட்டபின் எடுத்தாலும் எங்கேயும் போடக்கூடாது. கேக்கை வெட்டிவிட்டு உடனே கிளம்பாமல், ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேச வேண்டும். இதற்கு ஒப்பாதவர்களுக்கு வேறு தேதி கொடுக்காதீர்கள். மரியாதையாக மறுத்துவிடலாம். பெரியவர்கள் நன்றி சொல்ல வரிசையில் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

படுக்கையில் இருப்பவர்களை விட்டுவிட்டு எந்த நிகழ்ச்சியும் முடிந்ததாகக் கணக்கில் எழுதாதீர்கள். ஹாலில் முடிந்ததும் இரண்டு பேர், முடிந்தால் அதில் ஒருவர் இல்லத்துப் பெரியவராகவே இருக்கட்டும், ஒரு தட்டோடு அறை அறையாகப் போக வேண்டும். கொழுந்து நாள் என்றால் உருட்டிய இலையைக் கையில் வைத்து முகரவையுங்கள். ரயில் நாள் என்றால் அவருடைய நிலையம் எது என்று கேட்டு டிக்கெட் கொடுங்கள். பிறகு நோட்டைத் திறந்து, இன்று யார் எதற்குத் தலை நிமிர்ந்தார், யார் பாதியில் எழுந்து போனார் என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள். அடுத்த நிகழ்ச்சியின் வேலைகளை அந்தப் பக்கங்களைப் பார்த்துத்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும்.